அப்பா எழுதிய இரண்டாவது கடிதம்

ராயபுரத்தில் எங்கள் வீடு கருப்பட்டி மண்டிக்கு மேல்மாடியில் இருந்தது. மண்டி அப்பாவுடையது. உடன்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், பத்து வருஷத்துக்குள் அந்தத் தெருவில் பெயர் சொல்லும்படி ஆகிவிட்டார். கீழே கருப்பட்டி கட்டிய ஓலைச் சிப்பங்கள் கூரை முட்ட அடுக்கியிருக்கும். மேலே எங்கள் பாய், தலையணை, புத்தகம் எல்லாவற்றிலும் வெல்லப் பாகின் வாசனை ஏறியிருக்கும். காற்று கிழக்கே இருந்து வீசினால் அதோடு காசிமேட்டு மீன் வாசனையும் சேர்ந்துகொள்ளும். துறைமுகத்துக்குப் போகிற சரக்கு ரயில் பெட்டிகள் கோத்து இழுக்கப்படும் சத்தம் பகல் முழுக்கக் கேட்கும்.

அப்பா என்னிடம் எதற்கும் "வேண்டாம்" என்று சொன்னதில்லை. கல்லூரிக்குப் போகிறேன் என்றபோது அம்மா கூடாது என்றாள். அப்பா படிக்கட்டும் என்றார். இரண்டு வருஷ இன்டர்மீடியட் முடிந்ததும் கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்டு வேலைக்குப் போகிறேன் என்றபோது, ஆண்கள் மட்டுமே இருக்கிற இடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று அம்மா கேட்டாள். அப்பா அன்று சாயங்காலமே எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தார். மண்டிக்கு வருகிற வியாபாரிகளிடம் என்னைப் பற்றிப் பேசுவதென்றால் அவருக்கு அலுக்காது. மாடிப்படியில் இறங்கும்போதே என் காதில் விழும். பிள்ளை கேட்டு நான் தட்டியதே இல்லை என்பார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஜெர்மன் மொழி என்னிடம் வந்தது அந்த ஆபீசில்தான். ஹாம்பர்க்கிலிருந்தும் பிரேமனிலிருந்தும் வருகிற கப்பல்களின் காகிதங்களில் ஆங்கிலத்தோடு அந்த மொழியிலும் நாலு வரி எழுதியிருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் அக்கறை இல்லை. எனக்கு மட்டும் அது கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய அகராதி வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பார்ப்பேன். நீளமான ஒரு சொல்லை உடைத்தால் உள்ளே மூன்று சொற்கள் இருக்கும். நம் தமிழிலும் அப்படித்தானே சேர்த்து எழுதுகிறோம் என்று தோன்றியபோது ரொம்ப சந்தோஷமாக இருந்தது. பிறகு எழும்பூரில் ஒரு மாலை வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். டிராம் நின்றுபோயிருந்த சமயம். வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்துப் போய்வந்தேன். மேல்படிப்புக்குப் போகிற டாக்டர்களும் இன்ஜினீயர்களும் மூன்று மாதம் படித்துவிட்டுக் கப்பல் ஏறிவிடுவார்கள். போவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் இரண்டு வருஷம் விடாமல் படித்தவள் நான் ஒருத்திதான்.

அப்புறம் காரணமும் வந்தது. ஜெர்மனியில், மலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், வெளிநாட்டார் தங்கி அந்த மொழியை முறையாகப் படிக்க ஒரு பள்ளி இருந்தது. படித்து முடித்தால் அந்த மொழியைக் கற்றுக்கொடுக்கவும் சான்றிதழ் தருவார்கள். வகுப்பில் வைத்திருந்த ஒரு அறிக்கையில் அதைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் எழுதிப் போட்டேன். இரண்டு மாதத்தில், இலையுதிர்கால வகுப்பில் இடம் இருக்கிறது, விசா வாங்கிக்கொண்டு வரலாம் என்று பதில் வந்துவிட்டது.

அந்தக் கடிதத்தை அப்பாவிடம்தான் முதலில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புரியாத அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் தமிழில் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "நீ போயிட்டு வா, பிள்ள. ஒன்னைய யாரு தடுக்கா?" என்றார்.

தடுத்தது அம்மா. மாடிக்கு வந்து சொன்னதும், உலையில் போட இருந்த அரிசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். கன்னிப் பெண்ணைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்ப அவளுக்கு இஷ்டமில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் கடைசிவரை இதைத்தான் சொல்வேன் என்றாள். சொன்னபடியே தினமும் சொன்னாள். சாப்பாடு போடும்போது சொல்வாள், தலை பின்னும்போது சொல்வாள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற வழியில் சொல்வாள். நான் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டேன். என் தலையை நானே பின்னிக்கொண்டேன். அப்பாவும் நானும் ஒரு கட்சி, அம்மா தனிக் கட்சி என்று அந்த நாலைந்து மாதமும் வீடு இரண்டாகக் கிடந்தது.

முதலில் பாஸ்போர்ட்டு வாங்க வேண்டியிருந்தது. விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் மண்டியில் ஒரு சிப்பத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா மொதலாளி, பொட்டப் புள்ளைய சீமைக்கு அனுப்பறியா? உனுக்கு தெகிரியம் ஜாஸ்திதான்."

காலம் மாறிவிட்டது, பெண்பிள்ளை படித்தால் குடும்பத்துக்கே வெளிச்சம் என்று அப்பா பத்து நிமிஷம் பேசினார். கூலியாட்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். போலீஸ்காரர் போகும்போது அப்பாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பாஸ்போர்ட்டு வந்ததும் விசாவுக்கு எழுதினோம். பட்டணத்திலிருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்தில் கேட்ட காகிதங்கள் கொஞ்சமா நஞ்சமா. பள்ளியின் கடிதம், மார்பு எக்ஸ்ரே, அம்மை குத்திய சான்று, நடத்தைச் சான்று, செலவுக்கு யார் பொறுப்பு என்ற உறுதிமொழி எல்லாம் கேட்டார்கள். இன்னொன்றும் கேட்டார்கள். அவர்கள் சட்டப்படி இருபத்தொரு வயது நிரம்பாதவர்கள் மைனர். ஆகவே தகப்பனாரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். எனக்கு இருபத்தொன்று நிரம்ப இன்னும் ஆறு மாதம் இருந்தது.

அப்பா சம்மதக் கடிதத்தைத் தாமே எழுதினார். நான் டைப் அடித்துத் தருகிறேன் என்றதற்கு ஒப்பவில்லை. அவருக்கு வியாபாரக் கடிதம் எழுதுகிற அளவுக்கு ஆங்கிலம் தெரியும். எழுத்து வலப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு ‘டி’ எழுத்தின் குறுக்குக் கோடும் அடுத்த சொல்வரை நீண்டு போகும். என் மகளின் கல்விக்கு நான் மனப்பூர்வமாக இசைகிறேன் என்று எழுதி, கீழே, சரக்கு கேட்டு எழுதுகிற கடிதங்களில் போடுவது போலவே, தங்கள் மேலான ஆதரவை என்றும் நாடும் என்று முடித்திருந்தார். தூதரகத்துக்கு எழுதுகிற கடிதத்தில் இது எதற்கு என்று நான் சிரித்தேன். மரியாதைக்குப் போட்டது, இருக்கட்டும் என்று அவரும் சிரித்தார். காகிதங்களைக் கொடுக்க என்னோடு அவரே வந்தார். கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மே மாதத் தொடக்கத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். என்னைக் கேள்வி கேட்டவர் இளவயது அதிகாரி. மேஜைக்கு ஓரத்தில் நம்மூர் குமாஸ்தா ஒருவர் கோப்போடு உட்கார்ந்திருந்தார். எல்லாம் ஜெர்மனிலேயே நடந்தது. எந்த ஊர், என்ன வேலை, எதற்காக இந்த மொழி என்று கேட்டார். துறைமுகத்தைப் பற்றியும் கப்பல் காகிதங்களைப் பற்றியும் சொன்னேன். அவர் சுவாரசியமாகக் கேட்டது போலத்தான் இருந்தது. எத்தனை காலமாகப் படிக்கிறாய் என்று கேட்டபோது மட்டும் தடுக்கி விழுந்தேன். இரண்டு வருஷமாகச் செய்துவருகிற காரியத்தை அந்த மொழியில் நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாகப் படிக்கிறேன் என்று நாம் தமிழில் சொல்வது போலவேதான். நான் என்னவோ ஆங்கிலத்தை மனதில் வைத்துக்கொண்டு இறந்தகாலத்தில் சொல்லிவிட்டேன். வாயை விட்டு வந்த உடனே தெரிந்தது. முகம் சூடேறியது. அதிகாரி கவனிக்காதவர் போல அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வெளியே பெஞ்சில் காத்திருந்த அப்பாவிடம் பஸ்ஸில் வரும்போது இதைச் சொன்னேன். ஒரு சொல்தானே, விடு என்றார்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. பள்ளி இருக்கிற ஊரின் அதிகாரிகளிடமிருந்து அனுமதி வர ஆறேழு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா என்னை மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய், யாரோ வெள்ளைக்கார அம்மாள் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கித் தந்தார். மே மாத வெயிலில் அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நான் வியர்த்து வழிய நின்றேன்; கடைக்காரரும் அப்பாவும் சுற்றி வந்து பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்குக் காலையில் மீன் கொண்டுவருகிற அம்மாளுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. கூடையை இறக்கி வைத்துக்கொண்டு, "அந்த ஊர்ல மீனு கெடைக்குமா பாப்பா? இல்லாங்காட்டி சொல்லு, நெத்திலிக் கருவாடு கட்டித் தரேன், எட்த்துகினு போ" என்றாள். தெருவே என்னைக் கப்பலேற்றத் தயாராக இருந்தது.

ஜூலை மாதம் தபால் வந்தது. அன்று சனிக்கிழமை, எனக்கு அரை நாள் வேலை. நான் வந்தபோது உறை மண்டியில் அப்பாவின் மேஜை மேல் இருந்தது. பிரித்தேன். ஆங்கிலத்தில் இரண்டே வரி. தங்கள் விண்ணப்பம் தொடர்பான நடவடிக்கை முடித்துவைக்கப்பட்டது. பாஸ்போர்ட்டு இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. பாஸ்போர்ட்டைப் புரட்டினேன். ஒரு முத்திரையும் இல்லை.

"முடித்துவைக்கப்பட்டது என்றால் என்னப்பா?" என்று கேட்டேன்.

அப்பா கடிதத்தை வாங்கிப் படித்தார். "குடுக்கலன்னுதான் அர்த்தம், பிள்ள" என்றார்.

சிப்பத்தின் மேல் உட்கார்ந்தேன். ஏன் என்று ஒரு காரணமும் போடவில்லையே என்றேன். அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். "நீ அங்க பேசுனதுல ஏதோ தப்பு வந்திட்டுன்னு சொன்னல்லா. அதைத்தான் பிடிச்சுக்கிட்டானோ என்னமோ. விடு. வேற எதையாவது படிக்கலாம்."

அவர் இதை ரொம்ப மெதுவாக, அன்பாகச் சொன்னார். நான் நம்பினேன். எப்படி நம்பாமல் இருப்பேன்? அந்தத் தப்பு எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

அடுத்த மாதங்கள் எப்படிப் போயின என்று எழுதுவது கஷ்டம். அந்த ஒரு வாக்கியம் பகலெல்லாம் என் வாயில் ஓடிக்கொண்டே இருந்தது. சரியான விதத்தில் சொல்லிப் பார்ப்பேன், பிறகு தப்பான விதத்தில் சொல்லிப் பார்ப்பேன், கடைசியில் எது சரி என்றே குழம்பிப்போகும். மாலை வகுப்பை நிறுத்திவிட்டேன். ஆபீசில் ஜெர்மன் காகிதம் வந்தால் பார்க்காமல் அடுத்த மேஜைக்குத் தள்ளினேன். இரண்டு வருஷம் படித்தும் நாக்கில் ஏறாத மக்கு நான் என்று முடிவு கட்டியிருந்தேன். அகராதியை மண்டியில் பழைய காகிதத்தோடு போட்டேன். அதை யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியாது.

மீன்கார அம்மாளுக்குத்தான் ஆறவில்லை. "உன்னாண்ட இன்னா கொறை கண்டானாம் அவன்? உங்க நைனா நேரா போயி நாலு வார்த்த கேட்டா இன்னா?" என்று மண்டி வாசலில் நின்று கேட்டாள். அப்பா உள்ளே திரும்பி, சிப்பத்தை நனையாத இடமாகப் பார்த்து இறக்கும்படி கூலியாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சந்தோஷப்படவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து உட்கார்ந்தாள். தலையை வாரிக்கொண்டே, இன்னொரு தடவை எழுதிப் பார்க்கக் கூடாதா என்றாள். போகக் கூடாது என்றுதானே சொன்னாய் என்று கேட்டேன். "இப்பவும் போகக் கூடாதுன்னுதான் சொல்லுதேன். ஆனா நீ லாயக்கில்லன்னு எவனோ சொன்னா அது எனக்குப் பொறுக்கல" என்றாள். அப்போது எனக்கு இது பெரிதாகப் படவில்லை.

டிசம்பரில் ஒரு நாள், நல்ல மழை. ஆபீசில் சரக்குப் பட்டியல் ஒன்றுக்குத் தூதரக முத்திரை வாங்க வேண்டியிருந்தது. வழக்கமாகப் போகிற பியூனுக்குக் காய்ச்சல். நீ போய்வருகிறாயா என்று மேனேஜர் கேட்டார். எனக்கு அந்த வாசலை மிதிக்கவே பிடிக்கவில்லை. ஆனால் காரணம் சொல்ல வெட்கமாக இருந்ததால் போனேன்.

முன் அறையில் இருந்தவர் அதே குமாஸ்தா. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, உட்காரச் சொன்னார். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டே, "அப்பாவுக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கும்மா? தேவலையா?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறார் என்றேன். அவர் நிம்மதியாகத் தலையசைத்தார். "நெஞ்சு நோயின்னா கவனமாத்தான் இருக்கணும். அதுக்காக வரப்போற விசாவையே வேண்டாம்னு விட்டீங்களே, எங்க ஆபீசர்கூட ரொம்ப வருத்தப்பட்டார்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லையே, நீங்கள்தானே கொடுக்கவில்லை என்றேன். அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்து, மேஜை மேல் திறந்து, ஒரு பக்கத்தைத் தேடினார். தேடியவர் அங்கேயே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். அப்புறம், முத்திரை உள்ளே இருக்கிறது, போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சரக்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோப்பு திறந்தபடியே இருந்தது. மறந்து வைத்துவிட்டுப் போகவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மேலே இருந்தது அதிகாரி கையால் எழுதிய குறிப்பு. நேர்காணல் நடந்த தேதி போட்டிருந்தது. ஜெர்மனில் நாலு வரி. அகராதி இல்லாமல் ஒரே மூச்சில் படித்தேன். விண்ணப்பதாரர் மொழியை நன்றாகப் பேசுகிறார். சிறு பிழைகள் உண்டு, பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆர்வம் உண்மையானது. விசா வழங்கலாம்.

அதற்கு அடியில் அப்பாவின் கடிதம் இருந்தது. நான் சிரித்த முதல் கடிதமாக இருக்கும் என்று நினைத்தேன். தேதி வேறாக இருந்தது. நேர்காணல் முடிந்து மூன்று வாரம் கழித்து எழுதியது. கம்பளிக் கோட்டு வாங்கிய அதே வாரம். வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில், நீண்ட குறுக்குக் கோடுகளோடு எழுதியிருந்தார். தமக்கு நெஞ்சு நோய் கண்டிருப்பதால், தம்மைக் கவனித்துக்கொள்ள மகள் தானாகவே பயணத்தைக் கைவிட்டுவிட்டாள். ஆகவே முன்பு தந்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். மகளின் மனம் நோகும் என்பதால் இதுபற்றி மேற்கொண்டு விளக்கக் கடிதம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார். தங்கள் மேலான ஆதரவை என்றும் நாடும் என்று போட்டு, கையெழுத்து.

குமாஸ்தா திரும்பி வந்தார். முத்திரை போட்ட காகிதத்தைக் கொடுத்தார். நான் நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆபீசுக்குப் போய் அதை ஒப்படைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு மழையில் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மதிய நேரம். கூலியாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அப்பா மண்டியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நனைந்து வந்திருக்கிறாயே என்று துண்டை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

"நீங்க எழுதின ரெண்டாவது கடிதத்தைப் பார்த்தேன்."

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"காட்டிட்டானா?" என்றார்.

அதுதான் அவர் முதலில் கேட்டது. எதற்காகச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மண்டிக்கு வருகிறவர்கள் முதலில் பெருமையாகத்தான் கேட்டார்களாம். நாள் ஆக ஆக, திரும்பி வருவாளா என்று கேட்டார்களாம். திரும்பி வந்தால் எவன் கட்டுவான் என்றார்களாம். ஊரிலிருந்து அவருடைய அண்ணன் எழுதியிருந்தாராம். கோட்டு வாங்கி நான் போட்டுக் காட்டியபோதுதான், இவள் நிஜமாகவே போய்விடுவாள் என்று அவருக்கு உறைத்ததாம்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"ஒன் மூஞ்சியப் பார்த்து வேண்டாம்னு சொல்ல எனக்கு ஆகல, பிள்ள."

"நான் பேசினது தப்புன்னு சொல்ல மட்டும் ஆச்சா?"

மடியில் இருந்த துண்டை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். "ஏதாவது ஒரு காரணம் சொல்லணும்லா" என்றார்.

இன்றுவரை எனக்கு ஆறாதது அந்தப் பதில்தான். போக விடாமல் தடுத்ததைக்கூட ஒரு தகப்பனின் பயம் என்று சொல்லித் தேற்றிக்கொள்ள முடிந்தது. ஆனால் ஐந்து மாதம் அவர் கண்ணெதிரே நான் என்னையே மக்கு, மக்கு என்று திட்டிக்கொண்டு திரிந்தேன். சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீ நன்றாகத்தான் பேசினாய் என்று அவர் சொல்லவில்லை.

மாடிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னாள். நெஞ்சு நோய் என்று எழுதினாரா என்று கேட்டாள். பிறகு கீழே இறங்கிப் போனாள். அவள் மண்டிக்குள் போய் நான் பார்த்ததே இல்லை. என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ரொம்ப நாள் அப்பாவுக்குச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

எனக்கு செப்டம்பரிலேயே இருபத்தொன்று முடிந்திருந்தது. இனி யார் சம்மதமும் வேண்டாம். மறுபடி பள்ளிக்கு எழுதினேன். அடுத்த இலையுதிர்காலத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். வகுப்புக்கும் திரும்பப் போனேன். செலவுக்குப் பொறுப்பேற்கும் உறுதிமொழியை அப்பா தாமே தருவதாக வந்து நின்றார். வேண்டாம் என்றேன். அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தக் கையெழுத்தை இன்னொரு காகிதத்தில் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. என் ஆபீஸ் மேனேஜரிடம் போய்க் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார், பிறகு போட்டுத் தந்தார்.

இந்த முறை தூதரகத்துக்கு என்னோடு வந்தது அம்மா. புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, போகக் கூடாது என்பதை அங்கேயும் ஒரு தடவை சொன்னாள். நான் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தேன். எத்தனை காலமாகப் படிக்கிறாய் என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. இரண்டே மாதத்தில் பாஸ்போர்ட்டு திரும்பி வந்தது. ஏழாம் பக்கத்தில் விசா முத்திரை விழுந்திருந்தது. கோணலில்லாமல், மை அழியாமல், அவ்வளவு அழகாக இருந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

ஆனால் போக முடியவில்லை. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. வெளிநாட்டில் செலவழிக்கிற பணத்துக்குச் சர்க்கார் அனுமதி வேண்டும். டாக்டருக்கும் இன்ஜினீயருக்கும் படிக்கிறவர்களே வரிசையில் நின்றார்கள். வெறும் மொழி படிக்கப் போகிறவளுக்கு எதற்கு என்று என் மனுவைத் திருப்பிவிட்டார்கள். இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் அதே பதில். முந்தைய வருஷம் இந்த இறுக்கம் இல்லை. என்னோடு படித்த ஒரு பெண் அந்த வருஷம் போய்ச் சேர்ந்து, அந்த மலையூரிலிருந்து எனக்குக் கடிதம்கூட எழுதினாள். அந்த ஒரு இலையுதிர்காலம்தான் என் கதவு திறந்திருந்தது. அதை மூடியது செலாவணி இல்லை, தூதரகம் இல்லை. விசாவின் காலக்கெடு ஆறு மாதத்தில் தானாகத் தீர்ந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணூர்ப் பக்கம் புதிதாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. ஜெர்மனியிலிருந்து இறக்கிய இயந்திரங்களோடு புத்தகங்களும் வரும். அவற்றைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் திண்டாடினார்கள். அதில் ஒரு இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. இந்த வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் தமிழில் எழுதிக் கொடுப்பேன். தொழிலாளிகள் அதை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்துக்கொள்வார்கள். வேப்பேரியில் வேலை பார்க்கும் பெண்கள் தங்குகிற விடுதியில் ஒரு அறை எடுத்தேன். அந்தக் காலத்தில், கல்யாணம் ஆகாதவள் அதே பட்டணத்தில் வீடு இருக்க விடுதிக்குப் போவது சாதாரணக் காரியம் இல்லை. அப்பா தாமே போய் ரிக்‌ஷா கூட்டி வந்து, என் பெட்டியைத் தூக்கி வைத்தார். தெருமுனை திரும்பும்வரை மண்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் கையசைக்கவில்லை.

பிறகு அவரோடு பேசாமல் இருந்தேன் என்றில்லை. பண்டிகைக்குப் போவேன், உடம்பு சரியில்லை என்றால் போய்ப் பார்ப்பேன். கேட்டதற்குப் பதில் சொல்வேன். ஆனால் அவர் எதைச் சொன்னாலும், இது நிஜம்தானா என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட அது கேட்கும். அவர் இருந்தவரை அது அடங்கவில்லை.

அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவாலயத்திலிருந்து நேரே விடுதிக்கு வந்துவிடுவாள். பார்வையாளர் அறையில் தூக்குச் சட்டியைத் திறந்து என் முன்னால் வைப்பாள். விடுதி நன்றாக இல்லை, நீ கட்டியிருக்கிற சேலை நன்றாக இல்லை, இப்படி எண்ணூருக்கும் வேப்பேரிக்கும் ரயிலில் அலைவது நன்றாகவே இல்லை, வயது ஏறுகிறது, எனக்கு இது எதுவும் பிடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாக என் முகத்தைப் பார்த்தே சொல்வாள். மற்றப் பெண்கள் சங்கடப்பட்டு எழுந்து போவார்கள். நான் மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே, இன்னும் என்ன பிடிக்கவில்லை, சொல்லு என்பேன். அவள் சொல்லிக்கொண்டிருப்பாள்.